கூரையில்லாத வீட்டுக்கு என்ன மதிப்பு?



வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் வீட்டு மதிப்பீட்டு அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். நீங்களும் வீட்டுக் கடன் வாங்கியவர்களாக இருந்தால் அந்த அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்குத் தனி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு. கட்டடத்தின் வயதைப் பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பார்கள். பிறகு பட்டா உண்டா, மின் இணைப்பு உண்டா, குடிநீர் உண்டா, பாதை எத்தனை அடி என்று கேள்விகள் வரும். கடைசிக் கட்டத்தில் 'மீதமுள்ள ஆயுள்' என்று ஓர் எண் இருக்கும்.

தனுஷ்கோடியில் நிற்கும் பழைய வீடு ஒன்றுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். வயது: நூறை ஒட்டி. கூரை இல்லை, கதவு இல்லை, தரையை மணல் மூடியிருக்கிறது. மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், விற்க உரிமையுள்ள ஆள் என்று எதுவும் கிடையாது. மதிப்பு பூஜ்யம். இடித்து அள்ளும் கூலியைக் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

அந்தப் பூஜ்யம் சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனுஷ்கோடிக்கு நீங்கள் போயிருக்கலாம். ராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே போனால் முகுந்தராயர் சத்திரம் வரும். முன்பெல்லாம் தார்ச்சாலை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் வேனிலோ ஜீப்பிலோ மணலிலும் சேற்றிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை திறக்கப்பட்ட பிறகு நம் காரே போய் நிற்கிறது. இடது பக்கம் அலை அடங்கிய பாக் நீரிணை, வலது பக்கம் இரைச்சல் போடும் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் முன்னதைப் பெண் கடல் என்பார்கள், பின்னதை ஆண் கடல் என்பார்கள். (எங்கள் வீட்டில் இந்தப் பெயர்களை மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று ஓர் அபிப்பிராயம் உண்டு.) இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதன் மேல் ஓர் ஊர் இருந்தது.

சின்ன ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ராமேசுவரத்துக்குப் போனது சுமார் 10 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்குப் போனது சுமார் 24 கிலோமீட்டர். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ராமேசுவரம். இலங்கைக்குப் போகிறவர்களுக்குத் தனுஷ்கோடி. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் கொழும்பு வரைக்கும் போகலாம். ரயிலில் தனுஷ்கோடி, அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்ற பெயர் இப்படி வந்ததுதான். அந்தப் பெயரில் ஒரு ரயில் சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இன்றும் ஓடுகிறது. கப்பல்தான் இல்லை.

கப்பல் வந்து போகும் ஊர் என்பதால் சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில் எல்லாம் இருந்தன. ரயில்வே ஊழியர்களுக்குக் குடியிருப்புகள் இருந்தன. இவற்றைச் சுற்றி மீனவர்கள், சுமை தூக்குகிறவர்கள், சிறு வியாபாரிகள். அப்துல் கலாமின் தகப்பனார் ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காகப் படகு கட்டிய கதையை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் ராமேசுவரத்தில் நிற்காமல் போனதால், ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள் என்றும், சிறுவன் கலாம் அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதில் உதவி முதல் சம்பளம் வாங்கினார் என்றும் அதில் வருகிறது.

இந்த வழியாகப் போனவர்களில் பெரும்பகுதி மூட்டை முடிச்சோடு போன ஏழைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். நம் குடியிருப்பிலேயே பாட்டனாரோ பூட்டனாரோ கண்டிக்குப் போனவர் என்று சொல்கிற குடும்பம் ஒன்றிரண்டாவது இருக்கும். அவர்கள் இந்திய மண்ணில் கடைசியாக மிதித்த ஊர் பெரும்பாலும் தனுஷ்கோடியாகத்தான் இருந்திருக்கும்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது. அதைப் பற்றி இன்னொரு முறை எழுதலாம். இங்கே நான் சொல்ல வந்தது தேதியை. போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வர வேண்டும் என்று எழுதி எட்டு வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் வந்து இறங்க வேண்டிய வாசல் கடலுக்குள் போய்விட்டது.

அந்த இரவைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு. இலங்கையைக் கடந்து வந்த புயல் நேராகத் தனுஷ்கோடி மேல் ஏறியது. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய இடத்தில் அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தீவு முழுவதும் சேர்த்து 1,800 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தையும் புயல் பிய்த்துப் போட்டிருந்தது. அதை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாட்களில் சரிசெய்தார். பின்னால் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான். பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு அறுபது ஆண்டு தாண்டிவிட்டது. கப்பல் பிறகு ராமேசுவரத்திலிருந்து போய் வந்தது. 1980களில் இலங்கையில் சண்டை மூண்டபோது அதுவும் நின்றது.

வங்கி மொழியில் சொன்னால் தனுஷ்கோடி தள்ளுபடி செய்யப்பட்ட கணக்கு. ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கணக்கைத் தள்ளுபடி செய்த மறுநாளே அதன் ஏட்டை நாங்கள் கிழித்துப் போடுவதில்லை. கடன் போனாலும் ஆவணம் இருக்க வேண்டும். தனுஷ்கோடியில் அந்த ஆவணம் சுவர்கள்தான்.

போகிறவர்கள் எல்லாரும் தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பீடம் இருந்த சுவரும் பக்கச் சுவர்களும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. திரைப்படக்காரர்களும் விடுவதில்லை. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்கு அப்பால், சின்னச் சின்னதாக நிற்கும் வீட்டுச் சுவர்களை. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. ஓர் அறையை நான் காலால் அளந்து பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி இருக்கும். நம் குடியிருப்பில் பூஜை அறையும் சரக்கு அறையும் சேர்ந்த அளவு. சுவரில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று. நிலை இருந்த இடத்தில் வெறும் சந்து. இந்த அறையில் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கியிருக்கிறது. தேவாலயம் இருந்தது, ரயில் நிலையம் இருந்தது என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். சம்பளக்காரனும் கூலிக்காரனும் எத்தனை அடி அறையில் இருந்தார்கள், விளக்கை எங்கே வைத்தார்கள் என்பதை இந்தச் சுவர்தான் சொல்கிறது.

சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல் என்று நினைத்தது செங்கலாக இருக்காது. தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள், சில கல்லில் பூ விரிந்த மாதிரி வரிகள். அது பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் கிடைத்த பவளக்கல்லை வெட்டி, சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவுக்குப் போனால் வீட்டு மதில்களே இந்தக் கல்லில் நிற்பதைப் பார்க்கலாம். கிழக்கே யாழ்ப்பாணத்துத் தீவுகளும் மேற்கே நம் கரையும் ஒரே கடலிலிருந்து கல் எடுத்தவை.

இந்தக் கல்லை இன்று யாரும் வெட்ட முடியாது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு பவளத்துக்கும். மிகவும் சரியான சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பவளம் போனால் மீன் போகும், மீன் போனால் மீனவர் போவார். ஆனால் அதன் பொருள் என்னவென்றால், இந்தச் சுவர்களில் ஒன்று சரிந்தால் அதே கல்லால் திருப்பிக் கட்ட வழியே இல்லை. நம் மதிப்பீட்டாளர் படிவத்தில் 'மாற்றுக் கட்டுமானச் செலவு' என்று ஒரு கட்டம் உண்டு. இதைப் போல இன்னொன்று கட்ட எவ்வளவு ஆகும் என்பது அதன் பொருள். தனுஷ்கோடி வீட்டுக்கு அந்தக் கட்டத்தில் எந்தத் தொகையும் எழுத முடியாது. எத்தனை கோடி கொடுத்தாலும் கட்ட முடியாத வீடு அது. தேய்மானம் கழித்துப் பூஜ்யம் போட்ட அதே படிவம்தான் இதையும் சொல்கிறது.

இன்னொரு விஷயமும் நமக்குப் பாடம். சென்ற பொதுக்குழுவில் தூண்களில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது என்று எவ்வளவு நேரம் பேசினோம்! காரணம் எளிது. கான்கிரீட்டுக்குள் இரும்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் உள்ளே போனால் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் வெளியே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பவளக்கல் சுவரில் இரும்பே கிடையாது. அலை ஏறிய இரவையும், அதன் பிறகு கூரையில்லாமல் அறுபது வருட வெயிலையும் மழையையும் உப்புக் காற்றையும் அது தாங்கியிருக்கிறது. எல்லாச் சுவரும் தாங்கவில்லை, பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் பராமரிப்புக் கட்டணம் ஒரு பைசா வாங்காமல் நிற்கிறது.

இப்படிப்பட்ட இடத்தைப் 'பழமை' என்று ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பழமைச் சின்னம் என்றால் நூறு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும் என்கிறது. தனுஷ்கோடியில் ரயில் வந்ததோடு எழுந்த கட்டடங்கள் அந்தக் கோட்டைத் தாண்டும் வயதுக்கு இப்போதுதான் வந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக் கோயில்கள் உள்ள நாட்டில் நூறு வயது என்பது குழந்தை. நம்மவர்கள் இதையெல்லாம் பாரம்பரியம் என்று ஏற்பதற்குத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ராஜா கட்டினால் பாரம்பரியம், ரயில்வே குமாஸ்தா குடியிருந்தால் பாழடைந்த கட்டடம் என்பது நம் பழக்கம். ஒரு முன்னாள் குமாஸ்தா என்ற முறையில் இதை நான் ஆட்சேபிக்கிறேன்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். தரங்கம்பாடியைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதுவும் மீனவர் ஊர். 1620 முதல் டேனிஷ்காரர்கள் இருந்து, 1845இல் ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போன இடம். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு அங்கே பழைய வீடுகள் பலவற்றைச் சுண்ணாம்பும் மரமும் வைத்து முறையாகப் புதுப்பித்தது. நல்ல வேலை. ஆனால் தரங்கம்பாடி வீடுகளுக்குக் கூரை இருந்தது, உள்ளே குடியிருக்க ஆட்கள் இருந்தார்கள். தனுஷ்கோடியில் கூரை போட்டுப் பழைய வீடு மாதிரி ஒன்று செய்தால் அது பொம்மை வீடாகத்தான் இருக்கும்.

எனக்குச் சரியாகத் தோன்றுவது ஹிரோஷிமா. அங்கே ஆற்றங்கரையில் ஒரு கண்காட்சிக் கட்டடம் 1915இல் கட்டப்பட்டது, பாம்பன் பாலத்துக்கு ஒரு வயது இளையது. அணுகுண்டில் குவிமாடத்தின் எலும்புக்கூடும் சில சுவர்களும் மட்டும் மிஞ்சின. பார்க்கவே வேதனையாக இருக்கிறது, இடித்துவிடலாம் என்று ஊரிலேயே ஒரு தரப்பு சொன்னது. இடிக்காமல் காப்பது என்று 1966இல் நகர மன்றம் தீர்மானித்தது. கூரை போடவில்லை, பூசவில்லை. விழாமல் உள்ளே முட்டுக் கொடுத்து, விரிசலை அடைத்து, அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அது மனிதன் செய்தது, இது கடல் செய்தது. அந்த வேறுபாடு பெரியதுதான். ஆனால் காக்கும் முறை ஒன்றாக இருக்கலாம். சுவரின் தலைப்பில் மழை இறங்காமல் சுண்ணாம்புக் காரையால் மூட வேண்டும், சரியும் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிமெண்ட் மட்டும் கிட்டவே வரக் கூடாது. சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, மூச்சு விடாது. உள்ளே இருக்கும் உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல்லைப் பொடியாக்கிவிடும். நல்ல எண்ணத்தில் நான்கு மூட்டை சிமெண்ட் கொண்டு வருகிற ஆள்தான் இந்தச் சுவர்களுக்குப் புயலைவிட ஆபத்தானவர்.

இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தே பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. மனிதர் வசிக்கத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தாலும் மனிதர்கள் வசிக்கிறார்கள். தனுஷ்கோடியிலும் கம்பிப்பாட்டிலும் கீற்றுக் கொட்டகைகளில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்து, அதில் நல்ல தண்ணீர் மொண்டு குடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில் எங்கே தோண்டினால் உப்பில்லாத தண்ணீர் வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சுற்றுலாப் பயணிகளுக்கு மீன் வறுத்துக் கொடுக்கிறார்கள், பாசிமணி விற்கிறார்கள். 'பாரம்பரியச் சின்னம்' என்று ஒரு பலகை வைத்தவுடன் சுற்றி வேலி போட்டு, முதலில் அப்புறப்படுத்துவது இவர்களுடைய கொட்டகையாகத்தான் இருக்கும் என்பது என் பயம். கலையழகுக்கு இடைஞ்சல் என்பார்கள். எனக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. தங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு அந்த ஊரின் சுவரைக் காப்பதில் என்ன அர்த்தம்? காவலுக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கேயே இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு இடம் காட்டிச் சொல்லவும் அவர்களே பொருத்தம். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியில் பெரும் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்தார்கள். சந்தோஷம். பறவைக்குக் கிடைத்த பத்திரம் மனிதருக்கும் கிடைக்கட்டும்.

மீண்டும் ரயில் விட வேண்டும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ராமேசுவரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் வந்தால் நானே முதல் ஆளாகச் சீட்டு வாங்குவேன். ஆனாலும் அந்த மெல்லிய மணல் திட்டில் தண்டவாளம், நடைமேடை, கடை, கழிப்பறை எல்லாம் வந்தால் இந்தச் சின்ன வீட்டுச் சுவர்கள் எங்கே இருக்கும் என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்பேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், பொங்கல் விடுமுறைக்கு நம் சங்கத்திலிருந்து ராமேசுவரம் போகும் பேருந்து. பயணத் திட்டத்தைப் பார்த்தேன். அரிச்சல்முனைக்கு ஒன்றரை மணி நேரம். பழைய ஊருக்கு 'போகும் வழியில், பத்து நிமிடம்' என்று போட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் தேவாலயத்தின் முன் வரிசையாக நின்று ஒரு படம்தான் எடுக்கலாம். அதை ஒரு மணி நேரமாக்கும்படி சுற்றுலாக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். அரிச்சல்முனையில் அரை மணி குறைந்தால் கடல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. உங்களுக்கும் சம்மதம் என்றால் அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் உங்கள் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். இருபது வீடுகள் சொன்னால் மாற்றுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். குழந்தைகள் சுவர் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரை உதிர்ந்த சுவர், அவர்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. பேர் செதுக்குகிற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, கீழே கிடக்கிறதே என்று பவளக்கல் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம். அது தவிர, அந்தத் துண்டு எந்த வீட்டிலிருந்து விழுந்தது என்று அங்கே கிடந்தால்தான் தெரியும். நம் வரவேற்பறை அலமாரியில் வைத்தால் தெரியாது.

மீன் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கொட்டகைகளில் சாப்பிடுங்கள். பேரம் பேச வேண்டாம். பேருந்து காலை 5 மணிக்கு பின்வாசலிலிருந்து புறப்படும்.